எதிரிகளுக்கு நடுவே ஒரு லேண்ட்லைன்

உல்லாஸ்நகர் எந்த ஊரைச் சேர்ந்தது? பதில், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரயில்வேக்கு அது மும்பை புறநகர்ப் பாதையில் கல்யாணையும் விட்டல்வாடியையும் தாண்டி வரும் ஒரு நிலையம். அரசு ஆவணத்தில் தானே மாவட்டம். லேண்ட்லைன் கணக்கில் அது மும்பையே இல்லை. மும்பையின் எண் 022, உல்லாஸ்நகருக்குக் கல்யாணோடு சேர்ந்த 0251. அங்கே லேண்ட்லைன் நடத்தியது எம்டிஎன்எல், இங்கே பிஎஸ்என்எல். ஆனால் செல்போன் உரிமங்களை எழுதியபோது தொலைத்தொடர்புத் துறை வேறொரு கோடு போட்டது. மும்பை, நவி மும்பை, கல்யாண் டெலிபோன்ஸ் மூன்றின் எல்லைகளையும் சேர்த்து ஒரே ‘மும்பை சர்க்கிள்’ ஆக்கியது. அந்த வரைபடத்தில் உல்லாஸ்நகர் அசல் மும்பை.

இரண்டாம் உலகப் போருக்காகக் கல்யாணை ஒட்டிக் கட்டப்பட்ட ராணுவ முகாம் அது. பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளை அந்தப் பாசறைகளில்தான் குடியமர்த்தினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், உல்லாஸ்நகர் என்ற பெயரும் வந்தது. கேம்ப் 1, கேம்ப் 2 என்று முகவரி சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஜீன்ஸ் பட்டறைகள் ஊரின் அடையாளம். சாமானில் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று முத்திரை குத்திவிட்டு, யுஎஸ்ஏ என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று சமாளிப்பார்களாம். மும்பையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய நகைச்சுவை இது. எதற்கும் ஒரு மாற்று செய்து தரும் இந்த ஊருக்குள் 2003இல் மாற்றே செய்ய முடியாத ஒரு சாமான் வந்து இறங்கியது. சிடிஎம்ஏ போன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்று ஒரு திட்டம் போட்டது. முதலில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில். அதுவரை செல்போன் என்பது மும்பையில் ஆரஞ்சு, பிபிஎல், ஏர்டெல், எம்டிஎன்எல் டால்ஃபின் என்று ஜிஎஸ்எம் காரர்களின் ராஜ்ஜியம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் எண்ணும் கூடவே போகும். ரிலையன்ஸ் போனில் கழற்றுவதற்கு சிம்மே கிடையாது. போனின் வரிசை எண்ணே கம்பெனியின் கணினியில் பதிவாகியிருக்கும். போனை மாற்ற வேண்டுமென்றால் கம்பெனியிடம் போய்க் கேட்க வேண்டும்.

வானொலி அலையில் இரண்டும் வேறு வேறு பிறவி. ஜிஎஸ்எம்மின் வேர் ஐரோப்பா. 1987இல் கோபன்ஹேகனில் 13 நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பது அதன் வழி. ஒரு முறை உங்கள் துண்டு, அடுத்தது இன்னொருவருடையது, மிக வேகமாக. அமெரிக்காவின் குவால்காம் வளர்த்த சிடிஎம்ஏ நேரத்தை நறுக்குவதே இல்லை. 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வொருவர் குரலின் மீதும் ஒரு தனிக் குறியீட்டைப் பெருக்கி அனுப்புவார்கள். வாங்குபவர் அதே குறியீட்டை மறுபடி பெருக்கினால் அந்தக் குரல் மட்டும் மேலெழும், மற்றவை இரைச்சலாகப் படிந்து நிற்கும். கணக்குப்படி இது மேலான முறை என்று சொன்ன பொறியாளர்கள் நிறைய. நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் தொலைத்தொடர்பில் மேலான முறை ஜெயிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜிஎஸ்எம் போனால் சிடிஎம்ஏ கோபுரத்தைக் கேட்கவே முடியாது. இருந்தும் முதல் நாளிலிருந்தே ரிலையன்ஸ் போனிலிருந்து ஆரஞ்சுக்குப் பேச முடிந்தது. எப்படி?

அதற்கும் முந்தைய காலத்தில் தாராவியிலிருந்து ஊருக்குப் போன நெல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். மும்பையிலிருந்து அகலப்பாதை ரயில் சென்னை சென்ட்ரலில் விடும். மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் வண்டி பிடிக்க வேண்டும். ஒரு பாதையின் பெட்டி இன்னொரு பாதையில் ஓடாது. மூட்டை மட்டும் கை மாறும். செல்போனில் மூட்டையை இறக்கும் நடைமேடையாக இருந்தது லேண்ட்லைன்.

குரலை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்எம்மின் ஆதி முறை நம் பேச்சை 20 மில்லிசெகண்டு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 260 பிட்டுகளாகச் சுருக்கும். சிடிஎம்ஏவின் ஈவிஆர்சி முறையும் அதே 20 மில்லிசெகண்டு துண்டைத்தான் எடுக்கிறது. அதை அதிகபட்சம் 171 பிட்டுகளாகச் சுருக்கும், பேச்சு ஓய்ந்த இடைவெளியில் வெறும் 16 பிட்டுகளில் முடித்துவிடும். சுருக்கும் சூத்திரங்கள் வேறு என்பதால் ஒன்றின் பிட்டு இன்னொன்றுக்குக் குப்பை. இரண்டு கம்பெனிகளின் எக்ஸ்சேஞ்சுகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டுமே தங்கள் சுருக்கத்தை அவிழ்த்து, லேண்ட்லைன் உலகம் 1972இலேயே தரப்படுத்திய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். விநாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், மொத்தம் விநாடிக்கு 64,000 பிட். அந்த வடிவத்தில் 30 பேச்சுகளைச் சுமக்கும் இணைப்பு ஒன்றின் வழியாக அந்தப் பக்கம் கொடுத்துவிட்டால், வாங்கியவர் தன் சூத்திரத்தில் மறுபடி சுருக்கித் தன் கோபுரத்துக்கு அனுப்புவார். இரண்டு முறை சுருக்கி இரண்டு முறை அவிழ்த்த குரல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டதில் ஆச்சரியமில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. செல்போன் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பது அழைப்பைக் கொண்டுபோகும் லேண்ட்லைன் பிணையத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அந்த எண் இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்குப் போவது. ஆகவே அழைப்பு வந்ததும் அந்த வாடிக்கையாளரின் தாய் எக்ஸ்சேஞ்சு, அவர் இப்போது உலவும் இடத்து எக்ஸ்சேஞ்சைக் கேட்கும். அது தன்னிடமுள்ள சில எண்களில் ஒன்றைச் சில விநாடிகளுக்கு இரவல் கொடுக்கும். அழைப்பு அந்த இரவல் எண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததும் எண் திரும்ப வந்துவிடும், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஜிஎஸ்எம் இதைச் செய்தது. அதோடு எதிலும் ஒத்துப்போகாத சிடிஎம்ஏவும் வேறு பெயரில் இதையே செய்தது. இரண்டு பேரும் ஒரே பழைய அமைப்பை ஏமாற்ற வேண்டியிருந்ததால் இருவருக்கும் ஒரே பொய்தான் தோன்றியது.

எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த வசதி இல்லை. அதற்கு லேண்ட்லைனில் மூதாதை கிடையாது, நடுவில் நிற்கப் பொது மொழியும் கிடையாது. இரண்டு பக்கத்துச் சமிக்ஞைகளையும் மொழிபெயர்க்கத் தனி மென்பொருள் வாசல்களைக் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2002 வாக்கில்தான் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனிக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது பரவலானது. பேச்சு எளிது, எழுத்து கடினம் என்ற இந்தத் தலைகீழ் நிலை அந்தக் காலத்துப் பலருக்கு விளங்கவில்லை. (தமிழில் அனுப்புபவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும் செய்தியில் தமிழுக்கு 70 இடம்தான், அதிலும் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு இடம்.)

அலைகள் ஒத்துப்போகாததைப் பொறியாளர்கள் தீர்த்துவிட்டார்கள். காகிதத்தில் போட்ட கோடுகள்தான் தீராமல் நின்றன. சிடிஎம்ஏ இந்தியாவுக்குள் வந்தது செல்போன் என்ற பெயரில் இல்லை. வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கும் செலவைக் குறைக்க, கடைசித் துண்டை மட்டும் கம்பியில்லாமல் கொடுக்கும் முறைக்கு டபிள்யூஎல்எல் என்று பெயர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் இந்த நோக்கத்தில் பிறந்ததுதான். 2001 ஜனவரியில் அரசு, லேண்ட்லைன் உரிமம் வைத்திருந்தவர்கள் இந்த முறையில் ‘வரையறுக்கப்பட்ட நடமாட்டம்’ கொடுக்கலாம் என்றது. வரையறை எது? உள்ளூர் அழைப்புக் கட்டணத்துக்காக நாட்டைப் பிரித்து வைத்திருந்த இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வட்டங்களில் ஒன்று. எஸ்டிடி எண் மாறினால் வட்டமும் மாறிற்று என்று பொருள்.

இப்போது உல்லாஸ்நகருக்கு வாருங்கள். 0251 வட்டத்தில் போன் வாங்கிய ஒருவர் காலை லோக்கலில் ஏறினால், டோம்பிவிலிக்கும் தானேவுக்கும் நடுவே எங்கோ அவருடைய போன் சட்டப்படி ஊமையாக வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான பயணத்தில் சிஎஸ்டி போய்ச் சேருவதற்குள் அவர் வேறு ஊர்க்காரர். கோபுரத்துக்குக் கோபுரம் அழைப்பைக் கைமாற்ற அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு சிரமமும் இல்லை. அதைச் செய்யக்கூடாது என்று உரிமம் தடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு வாடிக்கையாளருக்கோ பாதை முழுவதும் ஒரே மும்பை சர்க்கிள். ஒரே போனுக்குப் பல ஊர்களில் பதிவு கொடுப்பது, அழைப்பைத் திருப்பிவிடுவது என்று ரிலையன்ஸ் இந்த வேலியைத் தாண்ட வழி கண்டது. கோடிக்கணக்கில் கொடுத்துச் செல்போன் உரிமம் வாங்கிய ஜிஎஸ்எம் கம்பெனிகள் கொதித்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பயணிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை என்பது வேறு விஷயம். 2003 ஆகஸ்டில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் வேலி வேலியாகவே இருக்க வேண்டும் என்றது. நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, கூடுதல் பணம் கட்டினால் வேலி இல்லை என்று முடித்தது.

அதன் பிறகு சிடிஎம்ஏ மெதுவாகத் தேய்ந்தது. 2007இல் ரிலையன்ஸுக்கே ஜிஎஸ்எம் நடத்த அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மிகப்பெரிய சிடிஎம்ஏ கம்பெனியான வெரைசன் அடுத்த தலைமுறைக்கு எல்டிஇயைத் தேர்ந்துகொண்டது. எல்டிஇ என்பது ஜிஎஸ்எம் வம்சத்தின் 4ஜி. உலக அளவில் சண்டை அத்தோடு முடிந்தது. இங்கே 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்றானபோது, சிடிஎம்ஏ வாடிக்கையாளர் தன் எண்ணை ஜிஎஸ்எம்முக்குக் கொண்டுபோக முடிந்தது. போனைத்தான் அலமாரியில் போட வேண்டியிருந்தது. எண்ணின் முன் இலக்கங்களைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்லும் பழக்கமும் அன்றோடு போயிற்று. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தரவுத்தளத்தைக் கேட்டு, எண்ணுக்குமுன் ஒரு வழிகாட்டி எண்ணை ஒட்டி அனுப்புகிறார்கள். நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்ததில் மும்பை ஒன்றில், தமிழ்நாடு மற்றொன்றில். செம்பூரில் வாங்கிய எண்ணைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு 2015 ஜூலை 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று வந்தபோது நிலைமை புதிது. அதனிடம் 2ஜி இல்லை, 3ஜி இல்லை. 4ஜி மட்டும். எல்டிஇ என்பது தரவுக்காக மட்டும் பிறந்தது, அதில் பேச்சுக்கென்று தனி வழி கிடையாது. மற்ற கம்பெனிகளின் 4ஜி போன்கள் அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டுத் திரும்ப ஏறின. பேசும்போது நெட் திணறியதும், எண்ணைத் தட்டியபின் மணி அடிக்கச் சில விநாடி கூடுதலாக ஆனதும் அந்த ஏற்ற இறக்கத்தால்தான். ஜியோவுக்கு இறங்கப் படி இல்லாததால் குரலையும் தரவுப் பொட்டலங்களாக்கி அனுப்பும் வோல்ட்டி முறையில் இறங்கியது. மனிதக் குரலில் 7,000 ஹெர்ட்ஸ் வரை அது எடுத்துக்கொள்ளும். பழைய தொலைபேசி 3,400 ஹெர்ட்ஸில் வெட்டிவிடும். போனில் எழுத்துக்கூட்டும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று நாம் இத்தனை காலம் குழம்பியதற்குக் காரணம், அந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் சீறல் பெரும்பாலும் அந்த வெட்டுக்கு மேலே இருந்ததுதான்.

ஜியோவிலிருந்து இன்னொரு கம்பெனியின் 2ஜி போனுக்குப் பேசினால் இந்தத் தெளிவெல்லாம் எல்லையில் கழன்றுவிடும். மறுபடி அதே 64,000 பிட், அதே பழைய நடைமேடை. அந்த நடைமேடையில் இடம் போதவில்லை என்பதுதான் 2016இன் பெரும் சண்டை. இலவசமாகப் பேசக் கிடைத்ததால் ஜியோவிலிருந்து வெளியே போன அழைப்புகள் வெள்ளமாகப் பெருகின. சந்திப்பு இணைப்புகளைத் தேவையான அளவு கொடுக்கவில்லை என்று ஜியோ குற்றம் சாட்டியது. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் விழுகின்றன என்றது. விதிப்படி ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல் இப்படி விழக்கூடாது. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த அக்டோபரில் பரிந்துரைத்தது. இதில் தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. இணைப்புப் பெட்டியில் கேபிள் மாட்டுவது ஒரு நாள் வேலை. யார் மாட்டுவது, எத்தனை, எப்போது என்பதில்தான் எல்லாம்.

பணத்தின் தர்க்கம் பொறியியலுக்குள் எவ்வளவு நுணுக்கமாக நுழையும் என்பதற்கு 2019ஐப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் அழைப்பை இன்னொரு கம்பெனி முடித்துக்கொடுத்தால் அனுப்பியவர் அப்போது நிமிஷத்துக்கு 6 பைசா தர வேண்டியிருந்தது. 2017 அக்டோபருக்கு முன் அது 14 பைசா. இந்த நிலையில் ஜியோ தன் வாடிக்கையாளர் வெளியே அழைக்கும்போது மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்தது. எதிர்முனையில் இருப்பவர் எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். மிஸ்டு கால் பார்த்து அவர் திரும்ப அழைப்பார். இப்போது 6 பைசா எந்தப் பக்கம் போகிறது? வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மற்றவர்கள் புகார் சொன்னார்கள், கொஞ்ச நாளில் தாங்களும் நேரத்தைக் குறைத்தார்கள். கடைசியில் டிராய் தலையிட்டு செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி மணி அடிக்க வேண்டும் என்று விதி போட்டது. ஒரு போன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதற்கு அரசாணை! காசு மிச்சம் பிடிக்க ஏழைகள் கண்டுபிடித்த மிஸ்டு காலைக் கம்பெனிகளும் கற்றுக்கொண்ட வேடிக்கை இது. 2021 ஜனவரி 1 முதல் அந்த 6 பைசாவும் பூஜ்ஜியமானது. சண்டைக்கான முகாந்திரமும் அதோடு போயிற்று.

தலைமுறைகளின் சாவும் வரிசைப்படி நடக்கவில்லை. ஏர்டெல் 2020க்குள் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. நடுப்பிள்ளை போய்விட்டது, தாத்தா இருக்கிறார். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் ஒரு காரணம். வோல்ட்டி தெரியாத போன்கள் பேசுவதற்கு இறங்கிவர ஒரு படி வேண்டும் என்பது இன்னொன்று. கார்டு தேய்க்கும் இயந்திரம், வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி என்று பேசவே பேசாத சாதனங்களும் 2ஜியை நம்பியிருக்கின்றன.

5ஜியில் நாமே ஒரு தனிப் பாதை போடப் பார்த்தோம். கிராமங்களில் ஒரே கோபுரம் நெடுந்தூரம் எட்ட வேண்டும், அங்கே யாரும் புல்லட் ரயிலில் போகப்போவதில்லை என்ற நம் தேவையிலிருந்து சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி, ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் செவிட் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 5ஜி-ஐ என்ற தரத்தை உருவாக்கின. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு 2020 நவம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. தேவை உண்மையானது. ஆனால் இந்தியாவுக்கு மட்டும் வேறு வன்பொருள் என்றால் விலை ஏறும், வெளிநாட்டு போன் இங்கே தடுமாறும் என்று கம்பெனிகள் அஞ்சின. சிடிஎம்ஏவோடு பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த அச்சத்தைக் குறைசொல்ல முடியாது. 2021 கடைசியில் அதன் முக்கிய அம்சங்கள் உலகத் தரத்தின் 17ஆம் பதிப்புக்குள்ளேயே சேர்ந்துகொள்ள, தனிப் பாதை கைவிடப்பட்டது. வாதத்தில் வென்று பெயரை இழந்ததாகச் சொல்லலாம். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது.

2022 அக்டோபரில் 5ஜி வந்தது, முதல் சில நகரங்களில் மும்பையும் ஒன்று. ஏர்டெல் 4ஜியின் தோளில் 5ஜியை உட்கார வைத்தது. ஜியோ 4ஜியைத் தொடாத தனி 5ஜியாகவே கட்டியது. இரண்டும் ஒரே தரத்தின் ஒரே புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட வழிகள். இருந்தும் ‘5ஜி’ என்று எழுதிய பெட்டியில் வாங்கிய பல போன்கள் அந்த மாதம் 4ஜியிலேயே நின்றன. ஒவ்வொரு கம்பெனியின் வலையையும் தனித்தனியே சோதித்து, போன் தயாரிப்பாளர் மென்பொருளைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ஐபோன்காரர்களுக்கு அது டிசம்பரில்தான் கிடைத்தது.